சிட்டு வாய் திறந்த நாள்

மொட்டை மாடியில் நாற்காலி போதவில்லை. கல்லூரி முதல்வர், துறைத் தலைவர், இரண்டு பத்திரிகை நிருபர்கள், கைப்பிடிச் சுவரெல்லாம் மாணவர் கூட்டம். இது போதாதென்று பிந்துவின் அப்பா கோவிந்தராஜுலு தன் பம்ப் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களையும் இரண்டு டின் மைசூர்பாகையும் கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

"எங்க பிந்து செஞ்ச சேட்டிலைட்டுங்க. இன்னும் சித்த நேரத்துல நம்ம தலைக்கு மேல போகுது. போகையில பேசுமாமுங்க!" என்று முதல்வரிடமே விளக்கிக்கொண்டிருந்தார்.

லோகப்பிரியா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூட அவளுக்கு இறங்கவில்லை.

கோயமுத்தூரில் அந்தப் பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் இரண்டு வருடமாகச் செய்த செயற்கைக்கோளுக்குச் சிட்டு என்று பெயர். மளிகைக் கடைகளில் பிஸ்கட் வைக்கும் சதுர டின் அளவுதான் இருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, பெரிய ராக்கெட் ஒன்றின் ஓரத்தில் மாணவர் செயற்கைக்கோள்களுக்காக நான்கு இடம் பிடித்து, உலகம் முழுக்க விண்ணப்பம் கேட்டிருந்தது. விளையாட்டாக அனுப்பிய விண்ணப்பத்துக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. அதன்பிறகு யாரும் விளையாடவில்லை. சிட்டுவின் மூளையான புரோகிராமை எழுதியவள் பிந்து. ரேடியோ, சோமனூர் சபரீஷின் வேலை. ஆன்டெனா லோகப்பிரியாவுடையது.

ராக்கெட்டுக்குள் ஆன்டெனாவை நீட்டிக்கொண்டு போக முடியாது. அதனால் இரும்பு அளவு டேப்பை வெட்டி, பெட்டியைச் சுற்றி மடக்கி, தூண்டில் நரம்பால் கட்டிவைத்திருந்தாள். மேலே போனதும் ஒரு கம்பி சூடாகி அந்த நரம்பை அறுக்க வேண்டும். அறுந்தால் டேப் படக்கென்று நிமிர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் டிரான்ஸ்மிட்டர் பேசத் தொடங்கும். கடைசி முடிச்சைப் போட்டது அவள் விரல்கள்.

"வந்தாச்சு. அடிவானத்துக்கு மேல வந்துருச்சு" என்றான் சபரீஷ்.

எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஸ்பீக்கரிலிருந்து மழை பெய்வது போன்ற இரைச்சல் மட்டும் வந்தது. மாடியில் நட்டிருந்த ஆன்டெனா, சிட்டு போகும் திசையைத் தொடர்ந்து வானத்தின் குறுக்கே மெல்லத் திரும்பியது. நடு உச்சிக்கு வந்தது, மறுபக்கம் இறங்கியது. இரைச்சல் மாறவே இல்லை.

"போயிருச்சு" என்றான் சபரீஷ், தலையைத் தூக்காமல்.

அடுத்த சுற்றிலும் அப்படியேதான். மறுநாளும் அப்படித்தான். கூடப் போன மற்ற மூன்று செயற்கைக்கோள்களும் பேசுகின்றன என்று வெளிநாட்டிலிருந்து இ-மெயில் வந்தது. மைசூர்பாகு டின்கள் இரண்டும் ஆய்வகத்து மேஜைக்கடியில் திறக்கப்படாமல் கிடந்தன.

ஒரு வாரம் கழித்துத் துறைத் தலைவர் எல்லோரையும் கூப்பிட்டார். "முயற்சி பண்ணினீங்க, அதுவே பெருமைதான். செமஸ்டர் பிராக்டிகலுக்கு ஆய்வகம் வேணும். சாமானையெல்லாம் கட்டி எடுத்து வெச்சிருங்க" என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் யாராலும் தாங்க முடியவில்லை.

அவர் போனதும் பிந்து வெடித்துவிட்டாள்.

"டிரான்ஸ்மிட்டர் ஆன் ஆகலைன்னா ஆன்டெனா விரியலைன்னுதானே அர்த்தம்? புரோகிராம ஆயிரம் தடவை ஓட்டிப் பாத்தாச்சு. முடிச்சத்தான் ஒரே ஒருக்கா போட்டோம்."

"நேராவே சொல்லு பிந்து. நாந்தான் கெடுத்தேன்னு சொல்லு" என்றாள் லோகப்பிரியா.

சபரீஷ் ஒயர் சுருட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் திரும்பிக்கொண்டான். லோகப்பிரியா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, காரமடை பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, துடியலூர் தாண்டும்வரை அழுதாள். பெரியநாயக்கன்பாளையம் வரும்போது அழுகை போய்க் கோபம் வந்திருந்தது. அந்த முடிச்சை இருநூறு தடவை அறுத்துப் பார்த்தவள் அவள். ஒரு தடவைகூட அது அறாமல் இருந்ததில்லை. எந்தச் சோதனையில் இல்லாதது மேலே இருந்தது?

குளிர், என்று தோன்றியது. அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. ராக்கெட் புறப்படுவது ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போனது. அத்தனை நாளும் சிட்டு சார்ஜ் ஏற்றப்படாமல் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. இவர்கள் செய்த சோதனை எல்லாம் பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தபோது.

ஆய்வகத்தில் சிட்டுவின் இரட்டை ஒன்று இருந்தது. அச்சு அசலாக அதே பெட்டி, அதே சர்க்யூட்; சோதனைக்காகச் செய்து வைத்தது. மறுநாள் காலை அவள் நேராகச் சபரீஷிடம் போனாள்.

"அதக் குளுருல வெச்சுப் பாக்கோணும். பேட்டரிய முக்காவாசி இறக்கிப்போட்டு வெச்சுப் பாக்கோணும்."

"குளுருக்கு எங்க போறது? ஹாஸ்டல் பிரிட்ஜுல வெச்சா பத்தாது."

"ஐஸ்கிரீம் கம்பெனிக்குப் போலாம்."

மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியின் மேனேஜர், சீனிவாசலு சாருக்குத் தெரிந்தவர். சீனிவாசலு அந்தத் துறையின் இளம் விரிவுரையாளர். ரேடியோவில் ஒலிபரப்ப உரிமம் வைத்திருந்தவர் அந்தக் கல்லூரியில் அவர் ஒருவர்தான். மாணவர்களைவிட அவருக்குத்தான் அந்த வாரம் முகத்தில் ஈயாடவில்லை. விஷயத்தைக் கேட்டதும் ஸ்கூட்டரை எடுத்துவிட்டார்.

குளிர் அறையில் வெனிலா பெட்டிகளுக்கு நடுவே சிட்டுவின் இரட்டையை வைத்து, ஒயரை மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியே இழுத்து மீட்டரில் மாட்டினார்கள். மதியம்வரை அது குளிரட்டும் என்று விட்டார்கள். பிறகு லோகப்பிரியா சுவிட்சைத் தட்டினாள்.

மீட்டர் முள் ஏறியது. கம்பி சூடாகத் தொடங்கியதும் முள் தடாலென்று விழுந்தது. சிறிது நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஏறியது. மறுபடி விழுந்தது.

"நின்னுருச்சா?" என்றான் சபரீஷ்.

"நிக்கல. பாரு, திரும்பத் திரும்ப அதையேதான் பண்ணுது." அவள் முள்ளை விரலால் காட்டினாள். "கம்பி சூடாகறதுக்குள்ள பேட்டரி படுத்துருது. கம்ப்யூட்டர் அணைஞ்சு திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்குது. முதல் வேலையே கம்பியச் சூடு பண்றது. மறுபடி படுத்துருது. சார், சிட்டு சாகலைங்க சார்! வெயில்ல கொஞ்சம் கொஞ்சமா சேத்தற கரண்டையெல்லாம் உடனே உடனே இதுலயே தொலைக்குதுங்க."

சீனிவாசலு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உசுரோடதான் இருக்குதா?" என்றார் மெதுவாக.

அன்று சாயங்காலமே லோகப்பிரியா பீளமேட்டில் பிந்துவின் வீட்டுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் சொல்ல நினைத்த சுருக்கென்ற வார்த்தைகள் நிறைய இருந்தன. கதவைத் திறந்த பிந்துவின் முகத்தைப் பார்த்ததும் அவை எதுவும் வாயில் வரவில்லை. ஒரு வாரமாகத் தூங்காத முகம். மீட்டர் காட்டியதை மட்டும் சொன்னாள்.

பிந்து கேட்டு முடித்து, சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எம் புரோகிராம்தான். கம்பி வேலைய முதல்ல போட்டது நாந்தான், லோகு. பேட்டரி எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுச் செய்னு ஒரு வரி எழுதியிருந்தாப் போதும். உன்ன எல்லார் முன்னாலயும்..."

"அத அப்பறம் பேசிக்கலாம். இப்ப மாத்த முடியுமா?"

பிந்து நிமிர்ந்தாள். கண் துடைத்தபடியே யோசிப்பது அவள் வழக்கம். "முடியும். தரையில இருந்து ஒரு கட்டளை அனுப்பினா, ஒரு நாள் முழுக்க எதுவும் செய்யாம வெயில் காஞ்சு சார்ஜ் ஏத்திக்கும். அப்பறம் கம்பியச் சூடு பண்ணும். அந்தக் கட்டளை உள்ள இருக்குது. கம்ப்யூட்டர் எந்திரிச்சதும் கம்பிக்குப் போறதுக்கு முந்தி ஒரு மூச்சு நேரம் காது குடுத்துக் கேக்கும். ஆனா ஆன்டெனா மடங்கியே கெடக்குதே. நாம பேசறது அதுக்கு எப்படிக் கேக்கும்?"

"கத்தோணும்" என்றாள் லோகப்பிரியா. "காது மந்தமா இருக்கறவங்ககிட்ட என்ன பண்ணுவோம்? அதேதான்."

கத்துவதற்கு மாடியிலிருந்த ஆன்டெனா போதாது. அதைப்போல் எட்டு சேர்ந்த பெரிய ஆன்டெனா வேண்டும், பெரிய ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஆய்வகமும் மாடியும் கையை விட்டுப் போயிருந்தன. சோமனூரில் சபரீஷின் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் தறி மோட்டார்கள். அந்த இரைச்சலில் திரும்பி வரும் பதில் காதில் விழாது.

"எங்க தோட்டத்துக்கு வாங்க" என்றாள் லோகப்பிரியா. "கறிவேப்பிலைதான். இடுப்புக்கு மேல எதுவும் மறைக்காது."

காரமடைக்கு மேற்கே இருந்த அந்தத் தோட்டத்தில் அடுத்த பத்து நாட்கள் ஒரே கூத்தாக இருந்தது. கோவிந்தராஜுலுவின் வேன் அலுமினியக் குழாய்களைக் கொண்டுவந்து இறக்கியது. அந்த மனிதர் அவமானத்தில் மகளோடு பேசாமல் இருப்பார் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவரோ, "உசுரோட இருக்கறத விட்டுப்போட்டு வர முடியுங்களா?" என்று சொல்லி, கம்பெனி வெல்டரையும் கூடவே அனுப்பிவிட்டார். லோகப்பிரியா வரைந்த வரைபடத்தின்படி எட்டு ஆன்டெனாவும் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டன. திருப்புவதற்கு மோட்டார் கிடையாது. ஒருவர் திசை சொல்ல, இரண்டு பேர் கைப்பிடியைப் பிடித்துத் தள்ள வேண்டும். சபரீஷ் கட்டிய ஆம்ப்ளிஃபையர் பம்புசெட் அறையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

முதலில் போட்டுப் பார்த்தபோது அது முனகிவிட்டு அணைந்தது.

"வோல்டேஜ் இல்ல. சுத்துவட்டாரத்துல எல்லா மோட்டாரும் ஓடுது. கரண்டு எல்லாத்தையும் அதுங்க இழுத்துருது" என்றான் சபரீஷ்.

லோகப்பிரியாவின் அப்பா பாலுசாமி இதுவரை எதிலும் தலையிடாமல் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன நேரம் நிறுத்தோணும்?" என்றார்.

"கால் மணி நேரமுங்க அங்கிள். நாளைக்குக் காலையில, அது உச்சிக்கு வர்றப்ப மட்டும்" என்றாள் பிந்து.

பாலுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மகளும் கூடவே போனாள். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஒரு விவசாயியிடம் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்து வேங்கடசாமி எடுத்த எடுப்பிலேயே, "எதுக்குங்க? கரண்டு வர்றதே அதிசயமா இருக்குது" என்றார்.

"புள்ளைங்க மேல ஒண்ண அனுப்பிப்போட்டு, அதுகிட்டப் பேச முடியாமத் தவிக்குதுங்க. ஒரு கால் மணி நேரமுங்க" என்றார் பாலுசாமி.

"மேலைன்னா?"

பாலுசாமி கையை வானத்தை நோக்கிக் காட்டினார். வேங்கடசாமி அண்ணாந்து பார்த்தார். பிறகு லோகப்பிரியாவைப் பார்த்தார். "அங்கயா அனுப்புனீங்க, அம்மணி?"

"ஆமாங்க மாமா."

"அட, அதச் சொல்றதுக்கென்னுங்க? நிறுத்திப்போடறேன். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நான் சொல்லிக்கறேன், நீங்க கெழக்க போயிச் சொல்லுங்க."

மறுநாள் காலை, பனி விலகி நீலகிரி மலை பளிச்சென்று தெரிந்த நேரத்தில், ஒவ்வொரு தோட்டமாக மோட்டார் சத்தம் ஓய்ந்தது. கடைசி மோட்டாரும் நின்றபோது, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் தோட்டத்தில் காற்றுச் சத்தம் கேட்பதுபோல் லோகப்பிரியாவுக்கு இருந்தது. ஆம்ப்ளிஃபையர் கணகணவென்று உயிர் பெற்றது.

சீனிவாசலு கையில் கடிகாரத்தோடு திசை சொன்னார். லோகப்பிரியாவும் சபரீஷும் சட்டத்தைத் தள்ளினார்கள். பிந்து கட்டளையை அனுப்பினாள். நிறுத்தாமல், மறுபடி மறுபடி அதையே அனுப்பினாள். எந்த மூச்சில் சிட்டு காது கொடுக்கும் என்று தெரியாதே. தெற்கே எழுந்து உச்சியைக் கடந்து வடக்கே மலைக்குப் பின்னால் அது மறையும்வரை அனுப்பினாள்.

"கேட்டுதா?" என்று வரப்பிலிருந்து வேங்கடசாமி கத்தினார்.

"தெரியாதுங்க. கேட்டிருந்தா நாளைக்குப் பேசும்" என்றாள் லோகப்பிரியா.

அந்த ஒரு நாளை அவள் எப்படிக் கழித்தாள் என்று பின்னால் யார் கேட்டாலும் அவளால் சொல்ல முடிந்ததில்லை. அம்மா ராமாத்தாள் எல்லோருக்கும் சோறு போட்டாள். பிந்துவும் அவளும் கறிவேப்பிலை வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார்கள். ஒரு இடத்தில் பிந்து நின்று, "எல்லார் முன்னாலயும் நான் சொன்னது தப்பு. நாளைக்கு எல்லார் முன்னாலயும் திருப்பிச் சொல்றேன்" என்றாள். "பேசலைன்னாலுமா?" என்று லோகப்பிரியா கேட்டாள். "பேசலைன்னாலும்."

மறுநாள் காலையும் சுற்றிலும் மோட்டார்களை நிறுத்தியிருந்தார்கள்; தோட்டத்தில் நிற்க இடமில்லை. கிழக்கே இருந்தவர்கள், வாய்க்காலுக்கு அந்தப்பக்கத்தவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், கோவிந்தராஜுலுவின் வேன் ஆட்கள், ஹாஸ்டலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த மாணவர்கள். முதல்வரும் துறைத் தலைவரும் வரவில்லை. யாரும் அவர்களைக் கூப்பிடவும் இல்லை. கூட்டத்தின் முன்னால் பிந்து சொன்னபடியே சொன்னாள்: "முடிச்சுல தப்பு இல்லீங்க. தப்பு எம் புரோகிராம்ல. அதக் கண்டுபிடிச்சது லோகப்பிரியா." அதற்குமேல் பேச நேரமில்லை. சபரீஷ் கையைத் தூக்கிவிட்டான்.

ஸ்பீக்கரில் அதே இரைச்சல். லோகப்பிரியா சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சீனிவாசலு சொன்ன திசைக்குத் தள்ளினாள். தெற்கே அடிவானம். இன்னும் கொஞ்சம் மேலே. இரைச்சல். இன்னும் மேலே.

முதலில் அது ஒரு பூச்சியின் சத்தம் போலத்தான் இருந்தது. மழைக்குள் எங்கோ ஒரு சில்வண்டு. சபரீஷ் ரேடியோவின் குமிழை மயிரிழை திருப்பினான். சத்தம் கூர்மையானது. நீளமும் குட்டையுமாக, விட்டு விட்டு, மெல்லிய விசில்.

"சார்..." என்றாள் லோகப்பிரியா.

சீனிவாசலு கண்ணை மூடிக்கொண்டு மோர்ஸ் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னார். மூன்றாவது எழுத்திலேயே அவர் குரல் உடைந்துவிட்டது. மீதியைச் சபரீஷ் கத்தினான். "சிட்டு! சிட்டுதான்! தம் பேரச் சொல்லுது!"

தோட்டமே அதிர்ந்தது. யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று தெரியவில்லை. கோவிந்தராஜுலு பாலுசாமியைத் தூக்கியே விட்டார். பிந்து ஓடி வந்து லோகப்பிரியாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ள, "விடு புள்ள, ஆன்டெனா திரும்பிரும்!" என்று அழுதபடியே சிரித்து, சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள் லோகப்பிரியா. அறுந்திருந்தது. அவள் கட்டிய நரம்பு அந்தக் குளிரிலும் சுத்தமாக அறுந்து, டேப் நிமிர்ந்து, இதோ அதன் வழியாகத்தான் இந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கைகள் வலித்தன. சட்டம் எடையே இல்லாததுபோல் அவள் கூடவே வந்தது.

மத்தியானத்துக்குள் செய்தி கல்லூரிக்குப் போய், முதல்வரின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. நிருபர்களும் வந்தார்கள். படத்துக்கு யார் நடுவில் நிற்பது என்ற தகராறில் பாலுசாமி நழுவப் பார்க்க, மாணவர்கள் அவரை இழுத்துவந்து ஆன்டெனாவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். சிட்டு அதன்பின் ஒன்றரை வருடம் பேசியது. வெப்பம், பேட்டரி, வெயில் விழும் பக்கம் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. ஜப்பானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் முகம் தெரியாத ரேடியோக்காரர்கள் அதன் குரலைக் கேட்டதாக எழுதினார்கள். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்கு இன்னொரு சுற்று பாக்கி இருந்தது. அது வரும் நேரம் நெருங்கியபோது பிந்து நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"நீ உக்காரு, லோகு."

"நானா? எனக்கு உன் கட்டளை ஒண்ணும் தெரியாதே."

"ஒரே ஒரு எழுத்துதான். ‘எப்படி இருக்கே’ன்னு கேக்கறது. நீயே கேளு. சட்டத்த நான் தள்றேன்."

லோகப்பிரியா உட்கார்ந்தாள். சீனிவாசலு தலையசைத்ததும் விசையைத் தட்டினாள். ஒரு கணம் இரைச்சல் மட்டும். பிறகு சிட்டு, தன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டு, கரகரவென்று வேகமாகப் பதில் சொல்லத் தொடங்கியது. பிந்துவின் கம்ப்யூட்டர் திரையில் எண்கள் வரிசையாக விழுந்தன.

பாலுசாமி மகளின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன கண்ணு சொல்லுது?"

அவள் எண்களைப் படித்தாள். "வெயில் நல்லா அடிக்குதாமுங்கப்பா. பேட்டரி நெறஞ்சிருக்குதாம்."

"அப்ப நெம்பச் சவுரியமா இருக்குதுன்னு சொல்லு" என்றார் அவர், சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. கூட்டம் மறுபடி ஆரவாரித்தது. லோகப்பிரியா அடுத்த கேள்விக்காகப் பிந்துவைத் திரும்பிப் பார்த்தாள். பிந்து சட்டத்தைத் தள்ளியபடியே உரக்கச் சொன்னாள்: "இன்னும் ஏழு நிமிஷம் இருக்குது. கேட்டுட்டே இரு!"